எல்லாக் கேள்வியும் ஒரே தாளில்

விழுப்புரத்துக் கணக்குப் பிரிவிலிருந்து திண்டிவனத்துக்கு வந்த அந்த வெளிர்மஞ்சள் தாள் இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது. ஓரத்தில் சிவப்பு மையால் 'அவசரம்' என்று எழுதி, கீழே கணக்குப் பிரிவு சூப்பிரண்டின் உருண்டைக் கையெழுத்தோடு வந்திருந்தது. "கிடங்கில் வாங்கி இருப்பில் வைத்துள்ள பனிக்கட்டிகளின் இன்றைய இருப்பு எவ்வளவு என்று தெரிவிக்கவும். தெரிவிக்கும் வரை பில் நிறுத்திவைக்கப்படுகிறது." நான் அதை வாய்விட்டுப் படித்தேன். மருந்துக் கிடங்கே குலுங்கிச் சிரித்தது. தடுப்பூசி மருந்தைக் கிராமங்களுக்கு எடுத்துப்போவதற்காக ஐஸ் கம்பெனியில் வாங்கிய ஐஸ் அது. காலையில் வந்தது மாலைக்குள் தண்ணீராகிச் சாக்கடையில் ஓடிவிடும். அதன் இருப்பைக் கேட்கிறார் மனிதர். ஒரு கட்டியைக் கோணியில் சுற்றி, பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய் அவர் மேஜைமேல் வைத்துவிட்டு வரட்டுமா என்று நான்தான் கேட்டேன். எனக்கு அப்போது வாய் நீளம். இப்போதும் குறைந்தபாடில்லை.

சிரிக்காமல் நின்றவர் ஒருவர்தான். அப்போதுதான் மாற்றலாகி வந்திருந்த நிர்வாக அலுவலர். நாங்கள் ஏ.ஓ. அம்மா என்று சொல்வோம். செஞ்சிப் பக்கத்துத் தமிழ்ச் சமணக் குடும்பம். நூல் புடவை, கையில் ஒரு துணிப்பை, அதில் இரண்டு டிபன் டப்பா. பொழுது சாய்ந்த பிறகு அவர் எதுவும் சாப்பிட மாட்டார் என்பதால் இரண்டாவது டப்பா சாயங்காலத்துக்கு. அவர் அந்தத் தாளை வாங்கி இரண்டு தடவை படித்தார். இருப்புப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்லிப் பிரித்துப் பார்த்தார். எங்கள் கிடங்குக் காப்பாளர் மகா ஒழுங்கான மனிதர். ஐஸ் வந்த ஒவ்வொரு தடவையும் வரவு எழுதியிருந்தார். உருகிப் போனதற்கு யாரிடம் கையெழுத்து வாங்குவது என்று தெரியாததால் செலவை எழுதவே இல்லை. கூட்டிப் பார்த்தால் கணக்குப்படி எங்கள் கிடங்கில் கூரை முட்ட ஐஸ் இருந்தது.

"கேள்வி சரிதானேம்மா? ஐஸ் வந்திச்சு வந்திச்சுன்னு எழுதிக்கினே இருந்திருக்கோம். உருகிச்சுன்னு ஒரு எடத்துல கூட எழுதலையே. அவரு ஐஸையா பார்த்தாரு, நாம எழுதினதத்தானே பார்த்தாரு" என்றார் ஏ.ஓ. அம்மா. எல்லோருடைய சிரிப்பும் அதோடு நின்றது. எனக்குக் கோபம்கூட வந்தது. வந்ததும் வராததுமாக எதிர்க்கட்சியில் சேர்ந்துவிட்டாரே என்று நினைத்தேன்.

எதிர்க்கட்சி என்றுதான் சொல்ல வேண்டும். எண்பதுகளின் நடுப்பகுதி அது. எங்கள் சுகாதார அலுவலகத்தில் மருந்தும் சாமானும் வாங்குகிற கொள்முதல் பிரிவு, கிடங்கோடு சேர்ந்து திண்டிவனத்தில் இருந்தது. அதற்குப் பணம் அனுமதிக்கிற கணக்குப் பிரிவு விழுப்புரத்தில். எந்தப் புண்ணியவான் எப்போது இப்படிப் பிரித்தார் என்பது யாருக்கும் தெரியாது. ஒரு பில் இங்கிருந்து பஸ்ஸில் போகும், ஒரு கேள்வியோடு திரும்பி வரும். பதில் எழுதி அனுப்பினால் இன்னொரு கேள்வியோடு வரும். அதற்கும் பதில் போனால் மூன்றாவது. சூப்பிரண்டு சார் ஒரு நாளும் இரண்டு கேள்விகளைச் சேர்த்துக் கேட்டவரில்லை. விக்கிரவாண்டி வழியாகப் போய்வந்த எங்கள் பில்கள் அந்த வழித்தடத்து நடத்துநரைவிட அதிகம் பயணம் செய்திருக்கும். இதற்கிடையில் பிளீச்சிங் பவுடர் கொடுத்தவரும் ஐஸ் கொடுத்தவரும் எங்களைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள்.

இந்த இரண்டையும் ஒன்றாக்கிச் சீரமைக்கத்தான் ஏ.ஓ. அம்மாவை வேறு துறையிலிருந்து எடுத்து மெட்ராஸ் தலைமை அலுவலகத்தார் அனுப்பியிருந்தார்கள். அதோடு ஒரு நிபந்தனையும் வைத்திருந்தார்கள். இரண்டு அலுவலகம் ஒன்றானால் ஆள் மிச்சமாக வேண்டும், ஆகவே ஒரு பணியிடத்தைக் குறைக்க வேண்டும். எந்தப் பணியிடம் என்று அவர்தான் எழுதி அனுப்ப வேண்டும். அந்த உத்தரவு வந்த நாளிலிருந்து இரண்டு ஊரிலும் யாருக்கும் சோறு இறங்கவில்லை. கடைசியாக வேலைக்குச் சேர்ந்தவள் நான், தட்டச்சு வேலை, இன்னும் நிரந்தரமாகவில்லை. என் வீட்டுக்காரர் வேலை பார்த்த எண்ணெய் ஆலை பூட்டிக் கிடந்தது. என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. "ஒன்னத்தாம்மா எடுப்பாங்க, வேற யாரப் போயி எடுக்கறது" என்று கிடங்குக் காப்பாளர் ஆறுதல் போலவே சொல்லுவார். அந்த ஆறுதலைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய் அழுதிருக்கிறேன். போகிற நாற்காலி விழுப்புரத்து சூப்பிரண்டின் நாற்காலியாக இருக்கட்டும் என்று சாமிக்கு விளக்கும் போட்டிருக்கிறேன்.

ஒரு நாள் தாங்கமுடியாமல் நேராகவே போய்க் கேட்டுவிட்டேன். "அம்மா, எடுக்கப் போறது என் போஸ்ட்டுதானா?" அவர் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தி, பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "இன்னும் நான் முடிவு பண்ணலம்மா. ரெண்டு எடத்துலயும் யார் இன்னா வேலை செய்யறாங்கன்னே இன்னும் சரியாத் தெரிஞ்சிக்கல. முடிவானா மொதல்ல ஒங்கிட்டதான் சொல்லுவேன். வேற யார் வாயிலயும் நீ கேக்க மாட்ட." இல்லை என்று பொய் சொல்லியிருந்தால் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். ஆனாலும் அவர் சொன்ன விதத்தில் எனக்கு ஒரு பிடி கிடைத்த மாதிரி இருந்தது. அதிகாரிகள் என்னிடம் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

அவர் வேலையை ஆரம்பித்த விதமே வேறு. மற்றவர்கள் வந்தால் முதலில் மேஜையை மாற்றிப் போடுவார்கள், ஒரு சுற்றறிக்கை விடுவார்கள். இவர் காலை பஸ்ஸில் விழுப்புரம் போய் ஒவ்வொரு குமாஸ்தாவின் பக்கத்திலும் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். ஒரு பில் வந்ததிலிருந்து போகிறவரை என்னென்ன ஆகிறது என்று பார்த்தார். மறுநாள் திண்டிவனத்தில் எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தார். இடையில் பேசவே மாட்டார். இப்படிப் பல நாள் பார்த்த பிறகு சூப்பிரண்டு சாரிடம், ஏன் சார் கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்கிறீர்கள் என்று கேட்டாராம். சூப்பிரண்டு சார் விழுப்புரத்தை அடுத்த காணைப் பக்கத்துக்காரர், கரும்பு விவசாயக் குடும்பம். வேலைக்கு வந்த புதிதில், மருந்து தெளிக்கும் பம்புகள் வந்து சேராமலே வந்ததாக யாரோ போட்ட கையெழுத்தை நம்பி பில்லை அனுமதித்து, அந்தப் பணம் முழுவதும் அவர் சம்பளத்தில் பிடிக்கப்பட்டிருக்கிறது. "எல்லாத்தையும் ஒரே தடவைல கேட்டுட்டு, ஒண்ணு விட்டுப்போச்சுன்னா நான்தானேம்மா மாட்டிக்கறேன்? ஒண்ணொண்ணாக் கேட்டாக்க கடைசி வரைக்கும் கதவு தெறந்தே இருக்கும்" என்றாராம். நாங்கள் இத்தனை வருடம் திமிர் என்று நினைத்தது பயமாக இருந்திருக்கிறது. அதை நாங்கள் யாரும் அவரிடம் கேட்டதே இல்லை.

அடுத்த வாரம் ஏ.ஓ. அம்மாவின் முதல் உத்தரவு வந்தது. ஒரு பில்லில் எத்தனை சந்தேகம் இருந்தாலும் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுத வேண்டும். எழுதும் முன் சம்பந்தப்பட்டவரை நேரில் பார்த்துக் கேட்க வேண்டும். இப்படிக் கேட்டும் ஏதாவது விட்டுப்போனால் அதற்கு நிர்வாக அலுவலரே பொறுப்பு. அந்தக் கடைசி வரியை நான் தட்டச்சு செய்தபோது, இந்த அம்மாவுக்கு என்ன தலையெழுத்து என்று நினைத்தேன். சூப்பிரண்டு சாரும் அதை நம்பவில்லை என்றுதான் சொன்னார்கள். கையெழுத்துப் போட்ட நகல் ஒன்றை வாங்கித் தன் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார்.

இரண்டாவது உத்தரவு அவரையே திண்டிவனத்துக்குக் கொண்டுவந்தது. கொள்முதல் ஆள் கணக்குப் பிரிவிலும் கணக்கு ஆள் கிடங்கிலும் சில வாரம் உட்கார வேண்டும். சூப்பிரண்டு சார் எங்கள் கிடங்கில், மூட்டைகளுக்கு நடுவே, என் மேஜைக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். நெற்றியில் திருநீறு, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. நான் அவருக்கு டீ வாங்கி வைப்பேன், பேச மாட்டேன். அவரும் பேச மாட்டார். பகையாளிகள் இரண்டு பேர் ஒரே பந்தியில் உட்கார்ந்த மாதிரி நாள் போயிற்று.

அந்த வருடம் ஐப்பசி மழை புயலாகவே அடித்தது. கம்பங்கள் சாய்ந்து திண்டிவனத்தில் மின்சாரம் போனது, வருகிற வழியாக இல்லை. எங்கள் குளிர்பெட்டியில் தாலுகா முழுவதற்குமான போலியோ சொட்டு மருந்தும் அம்மை ஊசி மருந்தும் இருந்தன. கெட்டுப்போனால் மெட்ராஸிலிருந்து மறுபடி எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அந்த வாரம் ஓமந்தூர்ப் பக்கம் முகாம் போட நாள் குறித்து, தண்டோராவும் போட்டாயிற்று. ஐஸ் வைத்துக் காப்பாற்றுவதைத் தவிர வழியில்லை. ஐஸ் கம்பெனிக்கும் மின்சாரம் இல்லைதான், ஆனால் முன்பே உறைய வைத்த கட்டிகளை மரத்தூளில் புதைத்து வைத்திருந்தார்கள். ஏ.ஓ. அம்மா, சூப்பிரண்டு சார், நான் மூவரும் தேங்கிய தண்ணீரில் நடந்தே போனோம்.

கம்பெனிக்காரர் எங்களைப் பார்த்ததும் இரண்டு கையையும் விரித்தார். "இன்னாம்மா பண்ணச் சொல்றீங்க? மரக்காணத்து மீன்காரங்க கையில காச வச்சிக்கினு நிக்கறாங்க. ஒங்க ஆபீஸுக்குக் குடுத்துட்டு நான் நடையா நடந்துக்கினு கெடக்கறேன். கேட்டா, விழுப்புரத்துல யாரோ ஒருத்தரு குந்திக்கினு, குடுத்த ஐஸெல்லாம் எங்க இருக்குது காட்டுன்றாராம்! ஒரே பேஜாருங்க." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நான் சூப்பிரண்டைப் பார்க்காமல் தரையைப் பார்த்தேன். ஏ.ஓ. அம்மா ஒரு பார்வை பார்த்திருந்தால் போதும், சூப்பிரண்டு செத்திருப்பார். அதுகூடப் பார்க்கவில்லை.

"அந்த ஆளு நான்தாங்க" என்றார் சூப்பிரண்டு. கம்பெனிக்காரரின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. "கேட்டது நான்தான். ஒங்க பில்ல நானே பாஸ் பண்ணித் தர்றேன். இப்ப ஐஸ ஏத்துங்க. ஜல்தி."

மீன்காரர்கள் முனகிக்கொண்டே வழிவிட்டார்கள். தள்ளுவண்டியில் கோணி போட்டு, மரத்தூள் கொட்டி, கட்டிகளை ஏற்றினோம். வண்டிக்காரர் ஒருவரால் அந்தச் சேற்றில் தள்ள முடியவில்லை. வெள்ளைச் சட்டைக்காரர் பின்னாலிருந்து தள்ளினார். ஐஸ் உருகி அவர் முழங்கை வழியாகச் சொட்டியது. பாதி வழியில் கோணியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது, இவ்ளோ சீக்கிரம் போவுது!" என்று குழந்தை மாதிரிக் கேட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அவர்மேல் இருந்த கோபத்தில் பாதியும் அங்கேயே போயிற்று. குளிர்பெட்டிக்குள் ஐஸை அடுக்கி மூடிய நேரத்தில் பொழுது சாய்ந்துவிட்டிருந்தது. ஏ.ஓ. அம்மாவின் இரண்டாவது டப்பா திறக்காமல் மேஜையில் இருந்தது. "சாப்பிடலியாம்மா?" என்றார் சூப்பிரண்டு. "பொழுது போயிடுச்சே சார். காலைல பார்த்துக்கலாம்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு மருந்துக் குப்பிகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். சூப்பிரண்டு எனக்கு வாங்கிவந்த டீயைக்கூட அன்று என்னால் அந்த அம்மா முன்னால் குடிக்க முடியவில்லை. மருந்து பிழைத்தது. முகாமும் குறித்த நாளில் நடந்தது.

அதற்குப் பிறகு வேலைகள் தாமாக நடந்தன என்று சொன்னால் பொய். முனகல் இருந்தது, மொட்டைக் கடிதம்கூட ஒன்று போனது. ஆனால் ஐஸுக்குச் செலவு எழுதுவது எப்படி என்று சூப்பிரண்டும் கிடங்குக் காப்பாளரும் சேர்ந்து உட்கார்ந்து முடிவு செய்தார்கள். கிடங்கு மட்டும் திண்டிவனத்தில் இருக்க, கொள்முதல் பிரிவு விழுப்புரத்துக்குப் போனது. ஒரே கூடத்தில் ஒரு கொள்முதல் மேஜைக்கு எதிரே ஒரு கணக்கு மேஜை. வாரக்கணக்கில் பஸ்ஸில் அலைந்த பில் இப்போது ஒரு கை நீட்டினால் போய்ச் சேர்ந்தது. பளபளக்கும் எந்திரம் எதுவும் வரவில்லை, புதுச் சட்டம் எதுவும் வரவில்லை. ஏ.ஓ. அம்மா மனிதர்களை எதிரெதிரே உட்கார வைத்தார், அவ்வளவுதான். அதைச் செய்ய ஒருவருக்கு எவ்வளவு பொறுமை வேண்டும் என்பது அதற்கப்புறம் எத்தனையோ அதிகாரிகளின் கீழ் வேலை பார்த்த எனக்குத் தெரியும்.

எல்லாம் முடிந்து அறிக்கை அனுப்ப வேண்டிய நாள் வந்தது. ஏ.ஓ. அம்மா என்னைக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். "மொதல்ல ஒங்கிட்ட சொல்றேன்னு சொன்னேன் இல்ல? உட்காரு. ஒன் போஸ்ட் இல்லம்மா" என்றார். நான் அழுதுவிட்டேன். அப்படியானால் சூப்பிரண்டுதான் என்று அடுத்த நொடியே மனம் கணக்குப் போட்டது. சில மாதம் முன்பு அதற்காக விளக்குப் போட்டவளுக்கு இப்போது அதை நினைத்தால் வேண்டாம் என்றிருந்தது. "சாரும் இல்ல," என்றார், நான் கேட்காமலே. "என்னுதுதான். ரெண்டு ஆபீஸுக்கும் நடுவுல ஓடறதுக்குத்தானே நான் வந்தேன்? ரெண்டும் ஒண்ணாயிடுச்சே, இனிமே ஓடற ஆளு எதுக்கு? ஒவ்வொரு மேஜையா உட்கார்ந்து பார்த்துட்டேன். இல்லாட்டியும் நடக்கும்னு இருக்கற நாற்காலி என்னுது ஒண்ணுதான்." அது எங்கே கொண்டுபோய் விடும் என்று அவருக்குத் தெரியும். பழைய துறைக்கே திரும்ப வேண்டும், தூரத்து மாவட்டம், சொந்த ஊருக்கு வர ஒரு நாள் பயணம். தெரிந்தேதான் எழுதினார். நல்லவர்கள் பலரை நான் பார்த்திருக்கிறேன். தன்னைக் கணக்கில் சேர்த்துக்கொண்டு நியாயமாக இருந்தவர் அவர் ஒருவர்தான்.

செய்தி தெரிந்ததும் சூப்பிரண்டு சார் என் மேஜைக்கு வந்தார். "ஒரு ஆட்சேபணை அடிக்கணும்மா" என்றார். மெட்ராஸுக்கு. நிர்வாக அலுவலர் பணியிடத்தை எடுக்கக் கூடாது என்பதற்கு அவர் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். இடைவெளி விடாமல், பக்கத்தின் விளிம்புவரை, எத்தனை காரணம்! இணைப்பு இன்னும் வேரூன்றவில்லை, கிடங்கு தனியூரில் இருக்கிறது, மழைக்கால அவசரத்துக்கு முடிவெடுக்க ஆள் வேண்டும், இன்னும் என்னென்னவோ. வேலை வாழ்க்கை முழுக்க ஆட்சேபணை எழுதியவர், ஒரு ஆளைக் காப்பாற்ற எழுதியது அது ஒன்றாகத்தான் இருக்கும். ஏ.ஓ. அம்மா போட்ட உத்தரவுப்படி எல்லாவற்றையும் ஒரே தாளில் அடக்கினார். மெட்ராஸிலிருந்து பதில் சீக்கிரமே வந்தது. 'பரிசீலிக்கப்பட்டது, ஏற்பதற்கில்லை' என்று ஒரே வரி. வாரக்கடைசியில் ஏ.ஓ. அம்மா துணிப்பையோடு பஸ் ஏறினார். நாங்கள் இரண்டு பிரிவும் சேர்ந்து போய் வழியனுப்பினோம். சேர்ந்து நின்றதைப் பார்த்து அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

நான் அந்தக் கூடத்திலேயே நிரந்தரமாகி, பதவி உயர்ந்து, ஓய்வும் பெற்றுவிட்டேன். விழுப்புரம் தனி மாவட்டமாகிவிட்டது. இப்போது கொள்முதலெல்லாம் கணினித் திரையில் நடக்கிறது, பக்கத்து நாற்காலிக்காரர் முகம் பார்க்காமலே வேலை முடிந்துவிடுகிறது. ஏ.ஓ. அம்மா காலமான செய்தி எனக்கு வெகு தாமதமாகத்தான் வந்தது. அதைச் சொல்லச் சில வருடங்களுக்கு முன் காணைப் பக்கம் சூப்பிரண்டு சார் வீட்டுக்குப் போனேன். தள்ளாத வயது, காதும் மந்தம். இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கரும்புக்கொல்லைப் பக்கம் பார்த்தார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"தப்புப் பண்ணிட்டேம்மா. அந்தம்மா பேச்சக் கேட்டுக்கினு மெட்ராஸுக்கு எல்லாத்தையும் ஒரே தாள்ல எழுதிட்டேன். பழையபடி ஒண்ணொண்ணாக் கேட்டு அனுப்பியிருந்தா, பதில் வந்து, நான் திருப்பிக் கேட்டு, அதுக்கு பதில் வந்து... இன்னும் ரெண்டு வருஷமாச்சும் அவங்கள இங்கேயே வச்சிருந்திருப்பேன்."